நஜீபா வாசிக்கும் அறுபத்தெட்டுத் தளங்கள்

ஷட்டரை இடுப்பளவு தூக்கி, குனிந்து உள்ளே போய், மறுபடி முழங்கால் அளவுக்கு இறக்கிவிடுகிறாள் நஜீபா. முழுக்கத் திறந்தால் ஆள் வந்துவிடும். கடை ஒன்பதரைக்கு. அவள் வருவது ஒன்பதுக்கு. புர்காவின் ஊசியைக் கழற்றி நாட்காட்டி அட்டையில் குத்திவைத்துவிட்டுக் கணினியைப் போடுகிறாள். அது முக்கி முனகி எழுந்திருப்பதற்குள் பிளாஸ்க் மூடியில் இஞ்சி டீ ஊற்றியாகிவிடுகிறது. அதை அவள் சூடாகக் குடித்து யாரும் பார்த்ததில்லை. முதல் வாய் டீ தொண்டையில் இறங்கும்போது ரீடரைப் பார்த்து முடித்திருப்பாள், டீயும் ஆறிப்போயிருக்கும்.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறச் சந்தில், இறந்துபோன உம்மாவின் பெயரில் நடக்கிறது அந்தக் கடை: சித்திக்கா ஆன்லைன். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போடுவது, விமான டிக்கெட் எடுப்பது, ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்துவது, துபாய்க்கும் குவைத்துக்கும் போகிறவர்களின் சான்றிதழ்களை மேலொப்பத்துக்கு அனுப்புவது, இவைதான் தொழில். வருடக் கடைசியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் முதியவர்கள் சிலர் உயிரோடு இருப்பதற்கான சான்றை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி வருவார்கள். நஜீபாவுக்கு நாற்பத்து நான்கு வயது. கல்யாணமாகி எட்டு மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் என்று கேட்டவர்களிடம், "சரிப்பட்டு வரலைங்க" என்று சொல்லி முடித்துவிட்டாள். இருபது வருடமாக அந்தப் பதில் மாறவில்லை.

ரீடர் என்று அவள் சொல்வது ஒரு சாதாரணச் செயலி. நமக்கு வேண்டிய இணையதளங்களின் முகவரியை அதில் ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும். அந்தத் தளங்களில் யார் எப்போது எதைப் புதிதாகப் போட்டாலும் அது தானாக வந்து ஒரே பட்டியலில் உட்கார்ந்துகொள்ளும். படிக்காதது தடித்த கறுப்பு எழுத்தில் இருக்கும். தொட்டுப் படித்ததும் மெலிந்து சாம்பல் நிறமாகிவிடும். தமிழில் ஆளாளுக்கு வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இதைப் பழகிக்கொண்டாள். அவள் ரீடரில் இரண்டு உறைகள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் 'பிடிச்சது'. சமையல் பதிவுகள், குறுக்குத்தையல் பழக்கும் தளம் ஒன்று, பினாங்கில் பூனை வளர்க்கும் ஒரு பெண் எழுதுவது என்று நாற்பது தளங்கள். மூன்று வருடத்துக்கும் மேலாக அதை அவள் திறக்கவில்லை. படிக்காதவை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு என்று பக்கத்தில் ஓர் எண் நிற்கிறது. மற்றதன் பெயர் 'தம்பி'. அதில் அறுபத்தெட்டுத் தளங்கள். காலை அரை மணி நேரம் அதற்குத்தான்.

தம்பி ரஃபீக், ஷார்ஜாவிலிருந்து சோமாலியாவின் பொசாசோ துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் ஒரு சின்னக் கப்பலில் எஞ்சின் ஃபிட்டர். கப்பலின் பெயர் நூர் மரியம். மொத்தம் ஒன்பது பேர். 2022 மே மாதம் இருபத்து மூன்றாம் தேதி கிளம்பியது. நாலாம் நாள் மதியம், "காத்து கூடுது லாத்தா, சிக்னல் போயிடும்" என்று அக்காவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினான். அதன் பிறகு கப்பலும் இல்லை, ஆளும் இல்லை. உடைந்த பலகை ஒன்று கிடைத்தது என்றுகூட எங்கிருந்தும் தகவல் வரவில்லை. முதலாளி இரண்டு மாதம் போனை எடுத்தார், பிறகு எண்ணை மாற்றிவிட்டார். மனுக்கள் போகவேண்டிய இடத்துக்கெல்லாம் போயின. விசாரித்துவருகிறோம் என்று ஒரே மாதிரியான பதில் வந்தது.

அப்போதுதான் நஜீபா 'தம்பி' என்ற உறையைத் தொடங்கினாள். கடலோரக் காவல்படைகளின் அறிவிப்புகள், மாலுமிகள் சங்கங்கள், ஓமானிலும் ஏமனிலும் சோமாலியாவிலும் உள்ள சின்னச் சின்ன ஊர்ச் செய்தித்தாள்கள், ஒரு மீன் ஏலக்கூடத்தின் பக்கம், உடைந்த கப்பல்களைப் பற்றியே எழுதும் நார்வே நாட்டு ஓய்வுபெற்ற மாலுமி ஒருவரின் பதிவு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். பாதிக்கு மேல் அவளுக்குத் தெரியாத மொழிகள். கணினியே மொழிபெயர்த்துத் தரும் கோணல்மாணலான தமிழில் அவற்றைப் படித்தாள். கப்பல் பெயரை நேரடியாகத் தேடிப் பார்க்கலாமே என்று சொன்னவர்களிடம், "தேடுனா நான் கேக்குறது மட்டுந்தாங்க வரும். எனக்குக் கேக்கத் தெரியாதது இதுலதான் வரும்" என்பாள்.

அவள் யாரிடமும் சொல்லாத ஒன்றும் உண்டு. நூர் மரியத்துக்கு ஆள் வேண்டும் என்ற விளம்பரமே இந்த ரீடரில் வந்ததுதான். வேலைவாய்ப்புத் தளம் ஒன்றையும் அதில் சேர்த்து வைத்திருந்தாள். மாதக்கணக்கில் வீட்டில் சும்மா இருந்த தம்பிக்கு அதை அச்செடுத்துக் கொடுத்தவள் அவள். அவன், தன்னோடு ஐடிஐயில் படித்த கோட்டுச்சேரி கலைவாணனையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். இரண்டு பேருக்கும் விண்ணப்பம் நிரப்பியவளும் அவள்தான். கலைவாணனின் கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது என்று இன்னொரு தாள் எடுத்து மறுபடி போடச் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கலைவாணனின் அப்பா சண்முகசுந்தரம் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலத்தில் நெல் போடுகிறவர். திங்கட்கிழமைதோறும் கோட்டுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்து, கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அவர் மட்டும் கழற்றுவார். "என்னம்மா, ஏதும் வந்துச்சா?" என்று கேட்பார். "இன்னைவரைக்கும் ஒண்ணுமில்லைங்க ஐயா" என்பாள் நஜீபா. அவர் தலையை ஆட்டிக்கொள்வார். ஐந்து நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, உரக்கடைக்குப் போகவேண்டும் என்றோ வேறு ஏதோ ஒரு காரணம் சொல்லியோ எழுந்து போவார். அந்த விண்ணப்பத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

வீட்டில் ஷஃபீனா இருந்தாள். ரஃபீக்கின் மனைவி, இருபத்தெட்டு வயது. கப்பல் காணாமல் போனபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது எல்கேஜி முடித்துவிட்டாள். நாகூரிலிருந்து ஷஃபீனாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருப்பதாக அவள் உம்மா இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒன்று கணவன் மௌத்தானதற்கு, இறந்ததற்கு, ஆதாரம் வேண்டும், இல்லாவிட்டால் நாலு வருடம் முடியவேண்டும் என்று ஜமாஅத்தில் சொல்லியிருந்தார்கள். ஷஃபீனா இதைப் பற்றி நஜீபாவிடம் வாயே திறக்கவில்லை. நஜீபாவும் கேட்கவில்லை. மாலையில் கடையிலிருந்து வந்ததும், "ஒண்ணும் வரல" என்று அவளாகவே சொல்லுவாள். சொல்லும்போது அவள் குரலில் ஒரு நிம்மதி இருப்பதை ஷஃபீனா கவனித்திருந்தாள். சேதி வராத வரை தம்பி எங்கோ ஒரு சிறையிலோ, ஊர்பேர் தெரியாத ஒரு கரையிலோ உயிரோடு இருந்தான்.

சென்ற ஜூன் மாதம் நார்வே மாலுமியின் பதிவில் ஓர் இணைப்பு இருந்தது. ஏமனின் கிழக்குக் கரையில் ஒரு மீனவர் கிராமம். அங்கே ஒரு பள்ளி ஆசிரியர். கடல் கொண்டுவந்து போடும் பிணங்களை ஊர்க்காரர்களோடு சேர்ந்து அடக்கம் செய்கிறவர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, உடம்பில் என்ன இருந்தது என்பதை நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். அந்த நோட்டின் பக்கங்களைப் படம் பிடித்து ஒரு தளத்தில் போட்டுவருகிறார். மின்சாரமும் நெட்டும் சேர்ந்து கிடைக்கிற நாளில் ஒரு பக்கம். தளத்தின் பெயர் 'கரைக்கு வந்தவர்கள்'. நஜீபா அதைச் சேர்த்தபோது இருபத்து நாலு வரை வந்திருந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் படித்தாள். அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சர்வர் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. வழக்கத்துக்கு மாறாக ஷட்டர் முழுதும் திறந்திருந்தது, காலையிலேயே பாஸ்போர்ட் புதுப்பிக்க ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய படம் ஏறிக்கொண்டிருந்த இடைவெளியில் நஜீபா ரீடரைத் திறந்தாள். எண் முப்பத்தொன்று. அரபி எழுத்துகள் நெருக்கி நெருக்கி எழுதிய ஒரு பக்கம். அதன் நடுவில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் தமிழ்.

தமிழ் தெரியாத ஒருவர் பார்த்துப் பார்த்து வரைந்த தமிழ் அது. 'லத்தீப் டெய்லர்ஸ்' என்று இருந்திருக்க வேண்டும். ப-வின் மேல் புள்ளியைக் காணோம். ட இடம் வலம் திரும்பியிருந்தது. அதன் கீழே 04368 என்று தொடங்கும் ஒரு தொலைபேசி எண். முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பிறகு அழிந்துபோனதைக் காட்டப் புள்ளிகள் வைத்திருந்தார். காரைக்காலின் எண் அது. ஒரு சட்டைக் காலரின் உள்பக்கம் தைக்கிற துணிச்சீட்டு அது.

"என்னக்கா, நெட் இல்லையா?" என்று கேட்டார் வந்தவர்.

"இருக்குங்க" என்றாள். அவருடைய விண்ணப்பத்தைக் கடைசிக் கட்டம்வரை நிரப்பி, அச்செடுத்து, எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்து அனுப்பினாள். ஒரு பிழையும் இல்லை.

மாலை அசர் தொழுகை முடிந்ததும் அச்செடுத்த தாளோடு ஜெகபர் அலி வீட்டுக்குப் போனாள். சலாலாவில் இருபத்திரண்டு வருடம் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தவர். அரபி எழுதவும் படிக்கவும் தெரியும். கணினி சொன்ன கோணல் தமிழை அவள் ஏற்கெனவே படித்துவிட்டாள். ஆனாலும் ஒரு மனிதர் வாயால் கேட்கவேண்டும் என்று தோன்றியது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிக்கொண்டுவந்தார். 2022 ஜூன் ஒன்பதாம் தேதி. ஆண், முப்பதுக்கு மேல் முப்பத்தைந்துக்குள். முகம் வைத்து அடையாளம் சொல்ல முடியாது. நீலக் கட்டம் போட்ட சட்டை. காலரில் இந்தச் சீட்டு. எந்த மொழி என்று தெரியவில்லை, அப்படியே எழுதியிருக்கிறேன். பேன்ட் பையில் ஒரு சின்னப் பித்தளைச் சாவி, அதில் சிவப்பு நூல். சாவி பள்ளிக்கூட அலமாரியில் உறையில் இருக்கிறது. முஸ்லிம் என்று கண்டு, குளிப்பாட்டித் தொழுது, மேட்டில் அடக்கினோம். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

படித்து முடித்து ஜெகபர் அலி தாளை மடித்து அவளிடம் கொடுத்தார். "புள்ளைக்கிட்ட சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டார். ஷஃபீனாவைத்தான் கேட்டார்.

"தெரியலையே மாமா, அவன்தானான்னு. தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன்" என்றாள் நஜீபா.

மறுநாள் ஒரு ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு அப்துல் லத்தீப் தையல் கடைக்குப் போனாள். அவர் பெண்களுக்குத் தைப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரியாததுபோலக் கேட்டுவிட்டு, பேச்சோடு பேச்சாகக் காலர்ச் சீட்டைப் பற்றி விசாரித்தாள். பதினைந்து வருடமாக ஒரே சீட்டுதான் என்றார் அவர். மொத்தமாக அடித்து வைத்தது, இன்னும் அரைப் பெட்டி இருக்கிறது. "காரைக்கால்ல பாதிப் பேரு கழுத்துல நம்ம சீட்டுதாம்மா இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். நஜீபா அந்த வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினாள். அன்று வழியில் நின்று குழந்தைக்கு இறால் வைத்துச் சுட்ட வாடா வாங்கினாள். பாதிப் பேர். கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர். சட்டையைக் கழற்றி ஒருவன் இன்னொருவனுக்குக் கொடுத்திருக்கலாம். துவைத்துக் காயப்போட்டதை எவனாவது எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம்.

அப்படிப் பதினோரு நாள் போனது. ஒவ்வொரு காலையும் முப்பத்தொன்றாம் எண்ணைத் திறப்பாள், பார்ப்பாள், படிக்காதது என்று மறுபடி குறித்துவிடுவாள். அது திரும்பவும் தடித்த எழுத்தாகிவிடும். இடையில் வந்த திங்கட்கிழமை சண்முகசுந்தரம் வழக்கம்போல் செருப்பைக் கழற்றினார். "இன்னைவரைக்கும் ஒண்ணுமில்லைங்க ஐயா" என்று அவரிடமும் சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை, அவளாகச் சொன்னாள் என்று சொல்ல முடியாது. ஜெகபர் அலி முந்தின இரவு போனில், நீ சொல்கிறாயா நான் வந்து சொல்லட்டுமா என்று கேட்டிருந்தார். காலையில் அடுப்படியில் ஷஃபீனா சங்கரா மீன் அரிந்துகொண்டிருந்தாள். நஜீபா எதிரே முக்காலியில் உட்கார்ந்து, தாளில் தமிழில் எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். சட்டையைப் பற்றிச் சொன்னபோது ஷஃபீனாவின் கை நிற்கவில்லை. லத்தீப் டெய்லர்ஸ் என்றபோதும் நிற்கவில்லை. சிவப்பு நூல் கட்டிய சாவி என்றதும் அரிவாள்மணையைச் சாய்த்துவைத்தாள். எழுந்து போய் சோப்புப் போட்டு முழங்கை வரை கையைக் கழுவினாள். பிறகு தன் அறை வாசலில் போய் நின்றாள். அங்கிருந்து பீரோ தெரிந்தது. அதன் பூட்டு இருந்த இடத்தில் ஓட்டை. கீழே ஒரு தாழ்ப்பாள் வைத்துத் திருகாணி அடித்திருந்தது.

"அந்தச் சாவி பீரோ சாவி லாத்தா. அவங்க தொலைச்சிடுவாங்கன்னு நூல் கட்டுனது நான்தான். பையில போட்டுக்கிட்டே போயிட்டாங்க. போன் பண்ணிச் சிரிச்சாங்க. அப்புறம் நாமதானே ஆள வெச்சு உடைச்சோம்."

நஜீபாவுக்குப் பீரோ உடைத்தது நினைவிருந்தது. ஏன் உடைத்தார்கள் என்று அன்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஷஃபீனா அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, மீதி மீனை அரிய ஆரம்பித்தாள். "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள். நஜீபா நாளைச் சொன்னாள், ஜெகபர் அலியிடமும் தையல்காரரிடமும் கேட்டதையும் சொன்னாள்.

"பதினோரு நாளா டெய்லர்கிட்ட கேட்டீங்க, ஜெகபர் மாமாகிட்ட கேட்டீங்க. என்கிட்ட கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. அன்று மீன் குழம்பு வைத்தாள், பரிமாறினாள், மகளுக்கு முள் எடுத்துக் கொடுத்தாள். நஜீபாவின் தட்டுக்குத் தேவையானதை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் ரஃபீக்குக்கு, உடல் இல்லாமல் தொழுகிற காயிப் ஜனாஸா தொழுதார்கள். தையல்காரர் அப்துல் லத்தீப் முதல் வரிசையில் நின்றார் என்று ஜெகபர் அலி வந்து சொன்னார். அதற்கு அடுத்த வாரம் ஷஃபீனாவின் உம்மா ஒரு சின்ன லாரி பிடித்துக்கொண்டு வந்தார். துணிமணி, குழந்தையின் சைக்கிள், தையல் மெஷின், கடைசியில் அந்தப் பீரோ. இரண்டு ஆள் அதைத் தூக்கி வாசற்படியில் இறக்கும்போது தாழ்ப்பாள் திறந்துகொண்டு கதவு ஆடியது. நஜீபா தன் துப்பட்டா ஒன்றை எடுத்துவந்து குறுக்கே சுற்றிக் கட்டிவிட்டாள். லாரியில் ஏறும் முன் ஷஃபீனா அவள் இரண்டு கைகளையும் பிடித்து, "உடம்பப் பாத்துக்குங்க லாத்தா" என்றாள். துப்பட்டா திரும்பி வரவில்லை.

சண்முகசுந்தரத்திடம் நஜீபா அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமையே சொல்லிவிட்டாள். போன திங்கள் பொய் சொன்னதையும் சொன்னாள். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பெஞ்சின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "தம்பி கெடைச்சிருச்சு. தெரிஞ்சுபோச்சுல்ல, அது நல்லதும்மா" என்றார். பிறகு, "அப்ப எம்புள்ளையும் அந்தக் கரைக்கித்தான் வந்திருப்பானா?" என்று கேட்டார்.

ஆசிரியருக்கு எழுதியிருப்பதாகச் சொன்னாள். ஜெகபர் அலி சொல்லச் சொல்ல அரபியில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தாள்: முப்பத்தொன்றின் பெயர் ரஃபீக், ஊர் காரைக்கால், அதே கப்பலில் இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள், அந்த வாரங்களில் வேறு யாராவது வந்தார்களா. அதன் பிறகு மூன்று வாரம் கழிந்தும் பதில் இல்லை. அங்கே என்ன நிலைமையோ. அறுபத்தெட்டில் வேறு எந்தத் தளத்தையும் அந்த நாட்களில் அவள் திறக்கவில்லை. திரையின் மூலையில் அந்த ஒரு பெயர் மட்டும் கறுப்பாக மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதார் திருத்த வந்த ஒரு பெண்ணின் பெயரில் எழுத்துப்பிழை விட்டாள். பத்து வருடத்தில் முதல்முறை. அந்தப் பெண் சத்தம் போட்டுவிட்டுப் போனாள்.

நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. இரண்டு நாள் விடாத மழை. காலை பத்தே முக்காலுக்கு அது வந்தது. எண் முப்பத்திரண்டு. தேதி 2022 ஜூன் பத்து, ரஃபீக் வந்ததற்கு மறுநாள். இந்தப் பக்கத்தில் கட்டமும் இல்லை, தமிழும் இல்லை. ஆறு வரி அரபி மட்டும். கணினி தந்த மொழிபெயர்ப்பைப் படித்தாள். போனில் ஜெகபர் அலிக்கு அந்தப் பக்கத்தை அனுப்பி, அவர் வாயாலும் கேட்டாள். அவர் நாலாவது வரியில் நின்றுவிட்டு, "இது நம்ம ஊரு ஆளுதாம்மா" என்றார்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, முழுதையும் தமிழில் தன் கையால் எழுதினாள். எழுத்து கோணியதால் ஒருமுறை கிழித்துப்போட்டுத் திரும்ப எழுதினாள். மின்கட்டணம் கட்ட வந்து நின்ற இரண்டு பேரிடம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினாள். திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, பொறையார் பஸ்ஸில் ஏறினாள்.

கோட்டுச்சேரிக்கு அவள் அதற்கு முன் போனதில்லை. இறங்கி, டீக்கடையில் விசாரித்து, சம்பா வயலுக்கு நடுவே கிடந்த சேற்று வழியில் போனாள். சண்முகசுந்தரம் வாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, நனைந்த சாக்குகளைக் கொடியில் போடுவதற்காகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். "வாம்மா" என்றார். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி அன்னபூரணி யாரென்று குரல் கொடுத்தார். "நம்ம காரைக்கா பாப்பாதான். நீ பால அடுப்புல பாரு" என்றார் அவர். மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, மழைத்தண்ணீர் போகத் துண்டால் இரண்டு தரம் துடைத்துப் போட்டார்.

நஜீபா உட்காரவில்லை. பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடி இல்லாததால் அவர் அதைக் கை எட்டுகிற தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

ஆண். முப்பது இருக்கலாம். சட்டை இல்லை. இடுப்பைச் சுற்றிக் கறுப்புக் கயிறு, அதில் வெள்ளியில் ஒரு சின்னக் குழல், இரண்டு பக்கமும் மூடியது. இது எதற்கென்று எங்களுக்குத் தெரியவில்லை. கழற்றாமல் அப்படியே விட்டோம். அவருடைய மார்க்கம் எதுவென்று தெரியாததால் எங்கள் அடக்கத்தலமான கபரஸ்தானின் சுவருக்கு வெளியே, கடலைப் பார்த்தமாதிரி அடக்கினோம்.

தாளைப் பிடித்திருந்த அவர் கை தாழ்ந்தது. மற்றக் கை, அவர் அறியாமலே, மடித்துக் கட்டியிருந்த வேட்டிக்குள் போய்த் தன் இடுப்புக் கயிற்றைத் தேடிப் பிடித்துக்கொண்டது. உள்ளே அன்னபூரணி டம்ளர்களைக் கழுவும் சத்தம் கேட்டது. நஜீபா குடையைச் சுவரில் சாத்திவிட்டு, அவர் தனக்காகத் துடைத்துப் போட்ட நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, அவருக்குப் பின்னால் முழங்காலில் தட்டுமாறு கொண்டுவந்து வைத்தாள்.